சட்டியில் பிடித்த காய்ச்சல்

உங்களுக்குக் காய்ச்சலா? டாக்டரிடம் போகாதீர்கள். ஊசி வலிக்கும், மாத்திரை கசக்கும், சோதனைக்கு ரத்தம் கொடுத்தால் ரத்தம் குறைந்துவிடும். நேரே சங்குமுனைக்குப் போங்கள். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் வழிகூடக் கேட்க வேண்டாம். மின்கம்பத்துக்கு மின்கம்பம் ஐயா சிரித்துக்கொண்டிருப்பார். இடது பக்கம் சிலுவை, வலது பக்கம் வேல், தலைக்கு மேல் பிறை, நடுவில் ஐயா. அடியில் பச்சை எழுத்தில் இப்படி இருக்கும்: "சுறாவின் வாயைக் கட்டிய வம்சம்! காய்ச்சலின் வாயைக் கட்டும் கரம்! வாகன நிறுத்த வசதி உண்டு."

மத நல்லிணக்கத்துக்காக மேடை போட்டுத் தொண்டை வற்றப் பேசுகிறார்களே, அவர்களால் முடியாததை ஒரு காய்ச்சல் சாதித்துவிட்டது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வேன் பிடித்து விவசாயிகள் வந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்து குளிர்சாதனக் காரில் குடும்பங்கள் வந்தன. சாத்தான்குளத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்கள், அறிவியல் பாடம் நடத்தியவர்கள் உட்பட, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். துண்டை விலக்கினால் பக்கத்தில் தெரிந்த முகம் இருக்கும். "சும்மா கடல் காத்து வாங்க வந்தேன்" என்பார் ஒருவர். "நானும்தான்" என்பார் மற்றவர். இருவர் கையிலும் சட்டி இருக்கும்.

சுறா எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்தபோது கடல்கட்டி என்று ஒருவர் இருப்பாராம். முத்துச்சிப்பி எடுக்கிறவர்கள் கடலுக்குள் இறங்கும்போது இவர் கரையில் உட்கார்ந்து மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவார். ஆள் முழுசாகத் திரும்பி வந்தால் மந்திரம் பலித்தது. வராவிட்டால் ஆளின் விரதத்தில் குறை. சுறா தின்ற ஆள் மேலே வந்து புகார் கொடுப்பதில்லை என்பதால் அந்தத் தொழிலில் தோல்வி என்பதே கிடையாது. முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுறாக்கள் வாயைக் கட்ட ஆளில்லாமல் அநாதையாகத் திரிகின்றன. அந்த வம்சத்தின் கடைசி வாரிசு நான்தான் என்று ஒருவர் கிளம்பி, கரையிலேயே வேலையைக் கண்டுபிடித்துவிட்டார். பெயர் காய்ச்சல்கட்டி ஐயா. வம்சத்துக்கு ஆதாரம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. தாடி இருந்தது, போதாதா?

ஐயாவுக்கு ஒரு மேனேஜர் உண்டு. சுடலைராஜ் என்று பெயர். டோக்கன் கொடுப்பது, மைக் பிடிப்பது, அற்புதம் நடந்தவர்களை வீடியோ எடுப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அற்புதம் நடக்காதவர்களை வெளி கேட் வரை கொண்டு விடுவதும் அவன்தான்.

அங்கே முதல் சட்டம், காய்ச்சல் அடிக்கிற அன்றைக்குத்தான் வர வேண்டும். இதில்தான் ஐயாவின் மூளை இருக்கிறது. இந்தக் கரையில் பரவும் மலேரியாவுக்கு ஒரு குணம் உண்டு. அது ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். இன்றைக்குப் பல் கிட்ட நடுக்கும், பிறகு உடம்பு அடுப்பாகக் கொதிக்கும், பிறகு வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். நாளைக்கு ஆள் எழுந்து உட்கார்ந்து புட்டும் மீன் குழம்பும் கேட்பான். அதற்கு மறுநாள் மறுபடியும் நடுக்கம். ரத்தத்துக்குள் குடியிருக்கும் ஒட்டுண்ணி போட்டுக்கொண்ட முறை அது. ஐயா காய்ச்சல் நாளில் கயிறு கட்டுவார். மறுநாள் காய்ச்சல் வராது. அது எப்படியும் வந்திருக்காது என்பது வேறு விஷயம். அதற்குள் சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் போன் போட்டு, "ஒத்தக் கட்டுல நின்னு போச்சு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதற்கு அடுத்த நாள் காய்ச்சல் திரும்பி வந்து, ஆளும் திரும்பி வந்தால், ஐயா புன்னகை மாறாமல் சொல்வார்:

"அது காய்ச்சல் இல்லல. காய்ச்சல் வாசல்ல நின்னு செருப்பு மாட்டுது. பொறுல."

செருப்பு மாட்டிக்கொண்டே மாதக்கணக்கில் வாசலில் நின்ற காய்ச்சல்கள் உண்டு.

இரண்டாவது சட்டம், சட்டி. அங்கேயே வாங்கிய மண்சட்டியில்தான் காய்ச்சல் இறங்கும். வெளியில் வாங்கிய சட்டியில் இறங்குவதைக் காய்ச்சல் கௌரவக் குறைவாக நினைக்குமாம். ஆசிரமத்தின் நடுவில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தது. அதற்குத் தீர்த்தத் தொட்டி என்று பெயர். அதை மூடக்கூடாது, நிலா வெளிச்சம் விழ வேண்டும். அந்தத் தண்ணீரைச் சட்டியில் மொண்டு, நோயாளி மூன்று தடவை ஊத வேண்டும். சட்டியை ஓலைக் கொட்டகையில் திறந்தபடி வரிசையாக வைப்பார்கள். ஒரு வாரம் கழித்து, பொழுது அடையும் நேரத்தில், ஐயா சட்டியை எடுத்துக் கூட்டத்துக்குக் காட்டுவார். தண்ணீரில் குட்டிக் குட்டியாய்ப் புழுக்கள் துள்ளும்.

"பாத்தியளா? ஒன் ஒடம்புக்குள்ள கெடந்த காய்ச்சல் போட்ட குஞ்சு!"

கூட்டம் "ஐயோ" என்று பின்வாங்கும். பிறகு பக்தி மேலிட்டு முன்னேறும்.

அது கொசுப்புழு என்று ஒருவருக்குமா தெரியவில்லை? தெரிந்தது. ஒரு பெண் கேட்கவும் செய்தாள். ஐயா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொசு எங்கன முட்டையிடும் தாயி?"

"சாக்கடையில."

"இது சாக்கடையா? கண்ணாடி மாதிரி தண்ணி. சாக்கடைப் புழு தலகீழாத் தொங்கும். இது எப்படிக் கெடக்கு? காய்ச்சக்காரன் மாதிரி நீட்டிப் படுத்துல்லா கெடக்கு!"

கூட்டம் கைதட்டியது. நல்ல தண்ணீரில்தான் மலேரியாக் கொசு முட்டையிடும் என்று வாரம் ஒரு தடவை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிறார்கள். அந்த ஆட்டோ வரும்போது நம் ஜனங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு சீரியல் பார்ப்பார்கள்.

காட்டி முடித்த குஞ்சுகளை என்ன செய்வது? கடல் நாலு எட்டில் இருக்கிறது. ஆனால் கடலில் கொட்டக்கூடாது. கொட்டினால் மீனுக்குக் காய்ச்சல் வந்துவிடும், பிறகு வலையில் பாடு விழாது என்றார் ஐயா. வலையை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவார்களா? மீன்பிடியில் கை வைக்கிற எந்த விஷயத்திலும் அவர்களுக்குச் சந்தேகம் வராது, பயம்தான் வரும். அதனால் குஞ்சுகள் எல்லாம் மறுபடி தீர்த்தத் தொட்டியிலேயே மரியாதையாகக் கொட்டப்பட்டன. அதற்கு அடக்கம் என்று பெயர். தொட்டியில் அடக்கமானவை ஒரு வாரத்தில் இறக்கை முளைத்து உயிர்த்தெழுந்தன. சுற்றிலும் காய்ச்சல்காரர்கள் சட்டை திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கடித்தவை பிறகு துணைக்கு வந்தவர்களைக் கடித்தன. போன மாதம் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இந்த மாதம் சட்டியோடு வரிசையில் நின்றார்கள். பக்தர் கூட்டம் நாளுக்கு நாள் பெருகுகிறது என்று சுடலைராஜ் மைக்கில் பெருமைப்பட்டதில் பொய் இல்லை.

அமலன் அந்த வரிசையில் வந்து சேர்ந்தது மங்களூர் வழியாக. ஆழ்கடல் விசைப்படகில் மங்களூர்ப் பக்கம் தொழிலுக்குப் போனவன் பணத்தோடு காய்ச்சலையும் கொண்டு வந்தான். மனைவி ஜெனிஸ் அவனை டாக்டர் ஸஹ்லாவிடம் கூட்டிப் போனாள். ஸஹ்லா காயல்பட்டினத்துக்காரி. சுகாதார நிலையத்தில் வேலை. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மலேரியா என்று சொல்லி, மாத்திரை கொடுத்தாள்.

"பதினாலு நாளும் விடாமப் போடணும், அண்ணாச்சி. ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுரும். விட்டதும் மாத்திரையை நிறுத்தினா, ஈரல்ல பதுங்கிக் கிடக்கறது மறுபடி கிளம்பும்."

இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. அமலன் மாத்திரையை நிறுத்தினான். சொன்னபடியே காய்ச்சல் மறுபடி கிளம்பியது. "மாத்திர கேக்கலல்லா?" என்று படகுக் கூட்டாளிகள் அவனைச் சங்குமுனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஐயா முதலில் சொன்னது, மாத்திரையைத் தொடாதே என்பதுதான். மாத்திரையும் கட்டும் ஒரே உடம்பில் இருந்தால் கட்டு அவிழ்ந்து காய்ச்சல் தலைக்கேறுமாம்.

ஜெனிஸ் துறைமுகம் பக்கம் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். இறாலில் ஒரு ஈக்கால் ஒட்டியிருந்தால் வெளிநாட்டுக்காரன் கன்டெய்னரையே திருப்பி அனுப்புவான். அதனால் திறந்து கிடக்கும் தண்ணீரைக் கண்டாலே அவளுக்குக் கை துறுதுறுக்கும், மூடியைத் தேடும். சங்குமுனைத் தொட்டியைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. ஐயா பக்கத்தில் வந்து ஆசீர்வதித்தபோது பெண்கள், "ஐயா மேல என்னமா தெய்வீக வாசம்!" என்று கண்ணை மூடினார்கள். ஜெனிஸ் மூக்கைச் சுளித்தாள். அது கொசு கடிக்காமல் இருக்கப் பூசும் களிம்பின் வாசம். அவள் கைப்பையில் அதே களிம்பு ஒன்று கிடந்தது.

ஒரு வாரம் கழித்து அமலனின் சட்டியில் குஞ்சுகள் துள்ளின. அடக்கம் செய்யத் தூக்கிப் போவதற்குள் ஜெனிஸ் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். அமலன் வழியெல்லாம் பூரித்துப் பேசிக்கொண்டு வந்தான்.

"ஏளா, பாத்தல்லா? அம்புட்டும் எனக்குள்ள கெடந்திருக்கு! கண்ணால பாத்த பொறவும் நம்பலன்னா என்ன செய்ய?"

"கண்ணால பாத்தது புழு. அது ஒங்க ஒடம்புலயிருந்து வந்துச்சுன்னு எந்தக் கண்ணு பாத்துச்சு?"

"எல்லாத்துலயும் ஒனக்கு ஏட்டிக்குப் போட்டி."

மறுநாள் மறுபடி நடுக்கம். இரண்டு போர்வை போர்த்தி, அதன் மேல் வலைச் சாக்கையும் போர்த்தி, அதற்கு மேல் ஜெனிஸும் அழுத்திப் பிடித்தும் கட்டில் ஆடியது. வலை இழுத்து உரமேறிய கை, தம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் ஸஹ்லா வீட்டுக்கே வந்து அவனைப் பார்த்துவிட்டு, ஜெனிஸை முற்றத்துக்குக் கூப்பிட்டாள்.

"ரத்தம் பாதியாக் கொறஞ்சு போச்சு, ஜெனிஸ். மண்ணீரல் வீங்கி நிக்குது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் விட்டா என் கையில ஒண்ணும் இல்ல. இன்னைக்கே மாத்திரையை ஆரம்பிக்கணும்."

"முழுங்க மாட்டேங்காவளே டாக்டர். கையையும் காலையும் கட்டியா ஊத்த முடியும்?"

சொல்லிவிட்டு ஜெனிஸ் அழுதாள். புயலில் படகு மூன்று நாள் தகவலில்லாமல் போனபோதுகூட அவள் இப்படி அழவில்லை. கடலோடு சண்டை போட முடியாது, சரி. கையில் மாத்திரை இருக்கும்போது, ஒரு தாடிக்காரன் பேச்சைக் கேட்டு மனுஷன் சாகப் போகிறானே என்று அவளுக்கு ஆத்திரமும் பயமும் சேர்ந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். மனுச மூச்சே படாத சட்டியில குஞ்சு வந்தா என்ன செய்வீங்க?"

"வராது."

"வந்தா?"

"வீட்டுல வச்சு கொசுப்புழுவக் காட்டிரலாம்னு பாக்கியா? ஐயா சட்டியில வரணும். அது காய்ச்சக் குஞ்சுன்னு ஐயா வாயால சொல்லணும். அப்படி நடந்துட்டா நீ குடுக்கத எல்லாம் முழுங்குதேன். போதுமா?"

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

ஜெனிஸ் நேரே குசினியில் அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

இங்கே ஐயாவின் நவீன சேவை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வளைகுடாவில் இருக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? விமானம் ஏறி வந்து சட்டியில் ஊத முடியுமா? அதனால் ஐயா வாட்ஸ்அப் மூச்சுக்கு அனுமதி கொடுத்திருந்தார். அங்கிருந்தபடியே மூன்று தடவை ஊதிப் பதிவு செய்து அனுப்பினால் போதும். சுடலைராஜ் போனைச் சட்டிக்கு மேலே பிடித்து, சத்தத்தைக் கூட்டி வைத்து ஒலிக்கவிடுவான். துபாய்க் காய்ச்சல் அலைவரிசை ஏறி வந்து சட்டிக்குள் விழும். சிக்னல் கிடைக்காத நாளில் மட்டும் சேவை இல்லை.

ஜெனிஸ் மறுநாளே சுடலைராஜ் முன்னால் போய் நின்றாள்.

"பேரு?"

"பெனிஸ்டன். குவைத்து."

"அவரு ஒங்களுக்கு என்ன வேணும்?"

"எங்க வீட்டு ஆளுதான். தெனமும் எங்களுக்காகத்தான் வேகுதாவ."

சுடலைராஜ் போனைச் சட்டிக்கு மேல் பிடித்தான். உஸ்ஸ்ஸ் என்று மூச்சு வந்தது. கொட்டகையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூச்சு என்ன இம்புட்டு வேகமா வருது? ஆஸ்துமாவா?"

"கொஞ்சம் பிரஷர் உண்டு அண்ணாச்சி."

"கடைசியில ஒரு விசில் கேக்குதே?"

"நெஞ்சுச் சளி."

சுடலைராஜ் திருப்தியாகத் தலையாட்டிச் சட்டியில் பெயர் எழுதினான்.

அடுத்த வாரம் காட்சி நாள். ஐயா வெள்ளை வேட்டியில் தொட்டிக்கு முன்னால் நின்றார். கூட்டம் கடல் மணல் வரை உட்கார்ந்திருந்தது. அமலன் முன் வரிசையில், ஜெனிஸின் தோளில் சாய்ந்து, போர்வைக்குள் கிடந்தான். அன்றைக்கு அவனுக்குக் காய்ச்சல் நாள். ஜெனிஸின் மடியில் கம்பெனிப் பிளாஸ்டிக் பை ஒன்று உப்பிக்கொண்டு இருந்தது. ஐந்தாறு சட்டி முடிந்ததும், "குவைத்து பெனிஸ்டன்!" என்று சுடலைராஜ் மைக்கில் கூப்பிட்டான்.

ஐயா சட்டிக்குள் பார்த்தார். நெற்றி சுருங்கியது. குஞ்சுகள் நெளிந்தன.

"கொடுமையான காய்ச்சல்! கடல் தாண்டி வந்த காய்ச்சல்!"

ஜெனிஸ் எழுந்து கும்பிட்டாள்.

"ஆளு எப்படி இருக்காவ ஐயா?"

ஐயா கண்ணை மூடினார்.

"வயித்துக்குள்ள தீ எரியுது தாயி. எந்நேரமும் கொதிப்பு. தலையில ஒரு பாரம் உக்காந்து அழுத்துது. உள்ள இருக்கத வெளிய சொல்ல முடியாமப் புழுங்குதான்."

"அப்படியே சொல்லுதிய ஐயா! இது கொசுப்புழு இல்லல்லா? காய்ச்சல் போட்ட குஞ்சுதான?"

"எங்க வம்சத்து மேல ஆணை. இது இவன் காய்ச்சலோட குஞ்சு."

ஜெனிஸ் அமலனைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியளா?" என்றாள். பிறகு பையைத் திறந்து, ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரைத் தூக்கி, தொட்டிச் சுவர் மேல் டங் என்று வைத்தாள்.

"இவருதான் பெனிஸ்டன். எங்க குசினியில இருக்காரு. கும்பிட்டுக்கோங்க."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெனிஸ் சுடலைராஜ் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, போனில் இருந்த வீடியோவை ஓட்டினாள். அடுப்பில் குக்கர் இருக்கிறது. உஸ்ஸ்ஸ் என்கிறது. அதே மூச்சு, கடைசியில் அதே விசில். வீடியோ முன் வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. பின்னாலிருந்து ஒரு பெண், "வயித்துக்குள்ள தீ எரியுதுன்னு ஐயா சரியாத்தான சொன்னாரு!" என்றாள். முதல் சிரிப்பு அங்கிருந்துதான் வந்தது. பிறகு கடற்கரையே சிரித்தது.

சுடலைராஜ் லேசுப்பட்டவன் இல்லை. தொண்டையைக் கிழித்துக் கத்தினான்.

"சிரிக்காதிய! அந்தக் குக்கர்ல யாரு சோறு தின்னா? காய்ச்சக்காரன்! அவன் காய்ச்சல் குக்கருக்குத் தொத்தியிருக்கு!"

நம்புங்கள், பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஒரு தலைமை ஆசிரியர், "வாய்ப்பு இருக்கு" என்றார். நாற்பது வருஷம் இவர் கையில்தான் பிள்ளைகளை ஒப்படைத்திருந்தோம்.

ஜெனிஸ் இதையும் எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்தாள். வாயில் வலைத்துணி கட்டியிருந்தது. உள்ளே பத்திருபது கொசுக்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"போன வாரம் எங்க வீட்டுக்காரவ சட்டியில வந்த குஞ்சு. ஐயா ஒங்க எல்லாருக்கும் காட்டுனதுதான். கொஞ்சம் மொண்டு, துணி கட்டி, எங்க கம்பெனி மேசையில வச்சேன். வளந்து என்னவா ஆயிருக்குன்னு பாருங்க. காய்ச்சல் பறக்குமா? பாட்டத்தான் பாடுமா?"

பாட்டில் நிஜமாகவே பாடியது. முன் வரிசையில் காதை வைத்துக் கேட்டார்கள். நீட்டிப் படுத்துக் கிடப்பதுதான் மலேரியாக் கொசுவின் புழு என்று டாக்டர் சொன்னதையும், நல்ல தண்ணீரில்தான் அது வளரும் என்பதையும் ஜெனிஸ் மைக்கில் சொன்னாள். பிறகு திறந்து கிடந்த தொட்டியைக் கையால் காட்டினாள். யாரும் இப்போது சிரிக்கவில்லை. துணைக்கு வந்து காய்ச்சல்காரர் ஆனவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தன் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒருத்தி, சத்தமில்லாமல் தொட்டியை விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பொய்! சூனியக்காரி!" என்றார் ஐயா. 

"அப்ப ஒரு சின்னக் காரியம் செய்யுங்க ஐயா," என்றாள் ஜெனிஸ். "இந்தக் கொசு இன்னும் யாரையும் கடிக்கல. காய்ச்சக்காரனக் கடிச்சாத்தான் அதுக்குக் கிருமி ஏறும், அதனால ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது. மந்திரம் சொல்லி இதோட வாயைக் கட்டிட்டு, களிம்பைக் கழுவிட்டு, ஒங்க விரலை உள்ள விடுங்க. ஒரு கொசுவும் கடிக்கலன்னா நானே ஒங்க கால்ல விழுதேன்."

ஐயா பாட்டிலைப் பார்த்தார். பாட்டில் ஐயாவைப் பார்த்தது. கரையோரம் நின்ற கிழட்டு மீன்காரர் ஒருவர், "சுறா வாயக் கட்டுன வம்சம்லா? கொசு வாய் எம்புட்டு இருக்கும்? கட்டும்வே!" என்று குரல் கொடுத்தார். "கட்டும்! கட்டும்!" என்று கூட்டம் பிடித்துக்கொண்டது.

ஐயா கையை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டு, தியான நேரம் வந்துவிட்டது என்று தன் அறைப் பக்கம் நடந்தார். அது நடையாக இருந்தது கொஞ்ச தூரம்தான். கூட்டம் பின்னாலேயே போனது. அறைக் கதவைத் தள்ளினால், உள்ளே இன்னொரு கதவு இருந்தது. இரும்பு வலைக்கதவு, தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங்கோடு. எல்லா ஜன்னலிலும் வலை. கட்டிலில் நாலு பக்கமும் இழுத்துச் செருகிய கொசுவலை. அலமாரியில் களிம்புக் குழாய்கள். ஊருக்கெல்லாம் நிலா வெளிச்சத்தில் கொசு வளர்த்தவர், தன் அறைக்குள் ஒரு கொசுவையும் விடவில்லை.

ஐயா பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தார். அங்கே டாக்டர் ஸஹ்லா, மருந்து அடிக்கிற ஆட்களோடும் இரண்டு போலீஸ்காரர்களோடும் நின்றாள். காலையிலேயே ஜெனிஸ் சொல்லி வைத்திருந்தாள். சுடலைராஜ் போலீஸைப் பார்த்ததும், தான் தினக்கூலிக்கு மைக் பிடிக்க வந்தவன் என்றும், ஆரம்பத்திலிருந்தே இதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்றும் வாக்குமூலம் கொடுத்தான்.

தொட்டியை இறைத்து மணலில் விட்டார்கள். அங்கேயே மேசை போட்டு எல்லோருக்கும் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். துணைக்கு வந்தவர்களில் பலருக்கு மலேரியா இருந்தது. வாய்ப்பு இருக்கு என்று சொன்ன தலைமை ஆசிரியருக்கும் இருந்தது. அவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மாத்திரை வாங்கினார்.

அமலன் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் உட்கார்ந்தான். சத்தியம் சத்தியம்தான். ஸஹ்லா மாத்திரைப் பட்டையை நீட்டினாள். அவன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"டாக்டரம்மா, இது எந்தக் கம்பெனி?"

ஸஹ்லா சொன்னாள்.

"தேதி முடிஞ்சிருக்காதுல்லா?"

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"சோத்துக்கு முன்னாலயா, பொறவா? மீன் திங்கலாமா? இது சூடா, குளிர்ச்சியா? போட்டா கை காலு எதுவும் இழுத்துக்கிடாதே? வேற ஆளுக்குக் குடுத்துப் பாத்திருக்கியளா?"

பின்னால் வரிசையில் நின்றவர்களும் கழுத்தை நீட்டி, அவரவர் கேள்வியைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ஸஹ்லா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். ஜெனிஸுக்குத்தான் பொறுக்கவில்லை. அவன் பிழைத்துவிடுவான் என்ற நிம்மதியில் கண் கலங்கியது, கோபத்தில் குரல் ஏறியது.

"எல்லாம் நல்ல கேள்விதான். கேக்கணும், கேட்டுத்தான் முழுங்கணும். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இத்தன நாளு ஊதுனியளே அந்தச் சட்டி, இதுல ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, அதுகிட்ட கேட்டியளா?"

அமலன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். கசந்தது, முகம் கோணியது, விழுங்கிவிட்டான்.

வரிசை முழுக்கத் தலையைக் குனிந்து நின்றது. டாக்டரை மட்டும் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்த நம் ஜனங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ஐயா வரும்போது, அவரிடமும் ஒரு எக்ஸ்பைரி தேதி கேளுங்கள்.